பழைய கோல்ஃப் கார்ட்டின் மின்பாகங்களை மேம்படுத்துவது எப்படி? எதை முதலில் மாற்றுவது, எதைக் கடைசியில் மாற்றுவது

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் பீச்ட்ரீ சிட்டியில் சுமார் 100 மைல் நீளத்துக்கு கோல்ஃப் கார்ட் ஓட்டும் பாதைகள் உண்டு. பள்ளிக்கூடம், மளிகைக் கடை, பூங்கா என்று எல்லாவற்றுக்கும் அங்கே கார்ட்டில்தான் போய்வருகிறார்கள். அதே மாநிலத்தின் அகஸ்டா நகரில் 1954-இல் தொடங்கப்பட்டதுதான் ஈஸி-கோ நிறுவனம். அதன் டிஎக்ஸ்டி மாடல், அதுவும் 36 வோல்ட்டில் ஓடும் பழைய வண்டி, பழைய வண்டிச் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும். மைதானத்தில் இரண்டு பேரையும் இரண்டு மட்டைப் பைகளையும் சுமக்கச் செய்த வண்டியில் பின் சீட்டு போட்டு, பெரிய டயர் மாட்டி, நாலு பேர் ஏறி மேட்டில் ஓட்டுவார்கள். வண்டி திணறும். உடனே எல்லோருக்கும் வரும் யோசனை ஒன்றுதான்: பெரிய கன்ட்ரோலர் (மோட்டாருக்கு எவ்வளவு மின்னோட்டம் போக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் பெட்டி) வாங்கிப் போட்டால் சரியாகிவிடும்.

சரியாகாது. பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் கேபிள், சாலினாய்டு (பெடலை மிதித்ததும் மூடிக்கொள்ளும் காந்த சுவிட்ச்), கன்ட்ரோலர், முன்-பின் சுவிட்ச், மோட்டார் என்று சுற்றி மறுபடியும் பேட்டரிக்கே வருகிறது. அந்தச் சுற்றில் எது பலவீனமோ அதுதான் முதலில் சூடாகும், உருகும். கன்ட்ரோலரை மட்டும் பெரிதாக்கினால், இதுவரை தாக்குப்பிடித்த பாகத்தையும் சேர்த்துக் கெடுக்கிறோம். அதனால் இந்த வழிகாட்டி கேபிளில் தொடங்குகிறது. இங்கே சொல்வதெல்லாம் சீரீஸ் வகை மோட்டார் உள்ள 36 வோல்ட் டிஎக்ஸ்டி வண்டியை மனதில் வைத்துத்தான். கிளப் கார், யமஹா வண்டிகளுக்கும், நம்மூர் ரயில் நிலையங்களில் ஓடும் பேட்டரி கார்களுக்கும் அடிப்படை இதேதான் என்றாலும், மோட்டார் வகை வேறாக இருக்கலாம். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

உங்கள் வண்டி எந்த வகை?

மோட்டாரில் நான்கு முனைகள் இருக்கும்: ஏ1, ஏ2, எஸ்1, எஸ்2 (செபெக்ஸ் வகையில் எஸ்-க்குப் பதில் எஃப்1, எஃப்2). நான்கிலும் ஒரே தடிமனில் பெரிய கேபிள் வந்தால் அது சீரீஸ் மோட்டார். இரண்டில் தடித்த கேபிளும் மற்ற இரண்டில் மெல்லிய வயரும் வந்தால் அது செபெக்ஸ், அதாவது ஷன்ட் வகை. வண்டி முன்னே போகவா பின்னே போகவா என்று மாற்றும் லிவரான முன்-பின் சுவிட்சையும் பாருங்கள். தடித்த கேபிள்கள் நேராக அந்த லிவரின் பின்பக்கம் போனால் சீரீஸ். மெல்லிய வயர் மட்டும் போனால் பெரும்பாலும் செபெக்ஸ்தான்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் கன்ட்ரோலர் ஆர்டர் செய்யக் கூடாது. கன்ட்ரோலர் தயாரிக்கும் ஆல்ட்ராக்ஸ் நிறுவனம் சீரீஸ் மோட்டாருக்கு எஸ்ஆர் என்றும், செபெக்ஸுக்கு எக்ஸ்சிடி என்றும் தனித்தனி வரிசையே வைத்திருக்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வேலை செய்யாது. ஆக்ஸிலரேட்டர் வகையும் முக்கியம். டிஎக்ஸ்டி-யில் இருப்பது, பெடல் எவ்வளவு அழுந்தியது என்று சொல்லும் ஐடிஎஸ் என்ற சென்சார். கிளப் கார் பழைய மாடல்களில் 0 முதல் 5 கிலோ ஓம் வரை மாறும் ரெசிஸ்டர் இருக்கும். கன்ட்ரோலர் வாங்கும்போது இரண்டையும் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

வாங்கும் முன் அளந்து பாருங்கள்

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால், நல்ல 6 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி சுமார் 6.37 வோல்ட் காட்டும். 36 வோல்ட் வண்டியில் இப்படி ஆறு இருக்கும், ஆறும் சேர்ந்து 38.2. ஆனால் சும்மா நிற்கும்போது எடுக்கும் இந்த அளவை மட்டும் நம்ப வேண்டாம். ஹைட்ரோமீட்டரில் ஒவ்வொரு செல்லின் அமில அடர்த்தியையும் பாருங்கள். டிரோஜன் டி-105 போன்ற பேட்டரி முழுச் சார்ஜில் 1.277 காட்ட வேண்டும். செல்லுக்குச் செல் 0.050 வித்தியாசம் வந்தால் அந்தப் பேட்டரி போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் உண்மையான சோதனை: ஒருவர் மேட்டில் வண்டியை ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்தவர் மல்டிமீட்டரைப் பார்க்க வேண்டும். மீட்டர் வயர்களை முதலைக் கிளிப் போட்டு முன்கூட்டியே மாட்டிவிடுங்கள். ஓடும் வண்டியில் சீட்டுக்கு அடியில் கை விடும் வேலை வேண்டாம். முதலில் ஒவ்வொரு பேட்டரியாக, பளு ஏறும்போது எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேட்டரி ஒரே மாதிரி இறங்கி, ஒன்று மட்டும் அரை வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக இறங்கினால், உங்கள் வண்டியின் நோய் கன்ட்ரோலரில் இல்லை, அந்த ஒரு பேட்டரியில்தான்.

அடுத்து மூட்டுகள். ஒரு கேபிளின் லக்குக்கும் (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம்) அது மாட்டியிருக்கும் போல்ட்டுக்கும் நடுவே மில்லிவோல்ட்டில் அளந்து பாருங்கள். பளுவில் 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் அந்த மூட்டை அவிழ்த்துப் பார்ப்பது என் வழக்கம். இது சின்ன விஷயம் போலத் தெரியும். கணக்கைப் பாருங்கள்: ஒரு மூட்டில் வெறும் அரை மில்லி ஓம் தடை இருந்தால், 200 ஆம்பியர் ஓடும்போது அங்கே 20 வாட் வெப்பம் பிறக்கிறது. பேட்டரி முனையின் மேலேயே ஒரு சால்டரிங் அயர்னை வைத்தது போல. ஈயம் இளகி போல்ட் சாய்ந்து நிற்கும் பேட்டரிகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இந்தச் சோதனையைச் செய்தாலே பாதிப் பேருக்கு எந்தப் புதுப் பாகமும் தேவையில்லை என்று தெரிந்துவிடும்.

கைவைக்கும் முன்

மோதிரம், கைக்கடிகாரம், உலோகச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். 36 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியம் வேண்டாம். ஸ்பானர் இரண்டு முனைகளைத் தொட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பானரின் பிடிக்கு இன்சுலேஷன் டேப்பைத் தடிமனாகச் சுற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். சார்ஜ் ஆன பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வந்திருக்கும், கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எல்லாக் கேபிளையும் கழற்றும் முன் செல்போனில் நாலா பக்கமும் படம் எடுங்கள். ஒவ்வொரு முனையிலும் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். பேட்டரித் தொகுதியின் மெயின் மைனஸை முதலில் கழற்றி, முனையைத் துணியில் சுற்றி ஒதுக்கி வையுங்கள். பேட்டரி துண்டித்த பிறகும் கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். அதன் பி+, பி− (பேட்டரி பிளஸ், மைனஸ்) முனைகளுக்கு நடுவே 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சில வினாடி பிடித்து, மீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

கேபிள்கள்

பழைய வண்டிகளில் வருவது பெரும்பாலும் 6 கேஜ் கேபிள், நம் கணக்கில் சுமார் 13 சதுர மில்லிமீட்டர். சுற்று முழுக்க 4 மீட்டர் கேபிள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 ஆம்பியரில் அது ஏறக்குறைய 1 வோல்ட்டையும் 200 வாட்டையும் தின்றுவிடும். 2 கேஜ், அதாவது கிட்டத்தட்ட 35 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட், 80 வாட்டாகக் குறையும். 400 ஆம்பியர் கன்ட்ரோலர் போடும் எண்ணம் இருந்தால் 2 கேஜுக்குக் கீழே போகாதீர்கள். பழைய கன்ட்ரோலரையே வைத்துக்கொள்வதாக இருந்தால் 4 கேஜ் போதும்.

நுண் இழைகள் நிறைந்த, வளைந்து கொடுக்கும் செம்புக் கேபிள்தான் வேண்டும். வெல்டிங் கேபிள் நன்றாக இருக்கும். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் மலிவாகக் கிடைக்கும். அதைத் தொடாதீர்கள், அதே தடிமனுக்கு அதன் தடை அதிகம். லக்கு ஈயம் பூசிய செம்பாக இருக்கட்டும். ஹைட்ராலிக் கிரிம்பிங் டூலில் அழுத்தி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள். சுத்தியலால் தட்டி நசுக்கிய லக்கு பார்க்க இறுகியது போல் இருக்கும், உள்ளே காற்று இருக்கும். அமிலப் புகை அதற்குள் புகுந்து பச்சை பூத்துவிடும்.

மாட்டும் முன் பேட்டரி முனைகளைச் சோடா உப்பு கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் செல்லுக்குள் போகக் கூடாது, மூடிகள் இறுக மூடியிருக்கட்டும். நன்றாகத் துடைத்துக் காய்ந்ததும் ஈயம் பளபளக்கும் வரை பிரஷால் தேய்க்கவும். லக்கு ஈயத்தின் மீது நேராக உட்கார வேண்டும், நடுவே வாஷர் வரக் கூடாது. வாஷரின் இடம் லக்குக்கு மேலே, நட்டுக்குக் கீழே. பேட்டரி நிறுவனம் சொல்லும் டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு மேல் இறுக்கினால் ஈயம் பிதுங்கி வந்துவிடும்.

சாலினாய்டு

பெடலை மிதித்ததும் 'டக்' என்று சத்தம் கேட்கிறதே, அதுதான் சாலினாய்டு. இரண்டு பெரிய முனைகளில் வண்டியின் மொத்த மின்னோட்டமும் போகும், இரண்டு சின்ன முனைகள் காயிலுக்கு. பெரிய கன்ட்ரோலர் போடுவதற்கு முன் இதைத் தடித்ததாக மாற்ற வேண்டும். வைட்-ராட்ஜர்ஸ் 586 வரிசை 200 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும். ஆல்பிரைட் எஸ்டபிள்யூ200 அதைவிடப் பலசாலி, 250 ஆம்பியர். காயில் வோல்ட்டேஜ் உங்கள் வண்டியின் வோல்ட்டேஜோடு பொருந்த வேண்டும். பின்னால் 48 வோல்ட்டுக்குப் போவதாக இருந்தால் இப்போதே 48 வோல்ட் காயில் வாங்கிவிட முடியாது, 36-இல் அது ஒழுங்காக இழுக்காமல் போகலாம். ஆகவே வோல்ட்டேஜை மாற்றப்போகிறீர்களா என்பதை இங்கேயே முடிவு செய்துவிடுங்கள்.

இரண்டு சின்னப் பாகங்களை யாரும் மதிப்பதில்லை. ஒன்று, பெரிய முனைகளுக்கு நடுவே இருக்கும் ரெசிஸ்டர். கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர்களை இது முன்கூட்டியே மெல்ல நிரப்பி வைக்கிறது. இது இல்லாவிட்டால் சாலினாய்டு மூடும் ஒவ்வொரு முறையும் பெரிய தீப்பொறி பறந்து, ஒருநாள் காண்டாக்ட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, காயிலின் குறுக்கே இருக்கும் டயோடு. காயில் அணையும்போது எழும் வோல்ட்டேஜ் எதிர்த்துடிப்பை இது விழுங்குகிறது. டயோடில் வெள்ளிக் கோடு உள்ள பக்கம் பிளஸ்ஸில் வர வேண்டும். திருப்பிப் போட்டால் முதல் மிதியிலேயே டயோடும், பெடலோடு சேர்ந்த மைக்ரோ சுவிட்சும் போய்விடும்.

நட்டை இறுக்கும்போது இரண்டு ஸ்பானர் பயன்படுத்துங்கள். கீழ் நட்டை ஒன்றால் அசையாமல் பிடித்துக்கொண்டு மேல் நட்டை மற்றொன்றால் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டட் உள்ளுக்குள் திரும்பி சாலினாய்டே பாழாகும். மோட்டார் முனைகளுக்கும் இதே விதிதான். அங்கே ஸ்டட் திரும்பினால் உள்ளே வைண்டிங்கின் முனையே முறிந்துவிடும்.

முன்-பின் சுவிட்ச்

டிஎக்ஸ்டி சீரீஸ் வண்டியில் டிரைவரின் கால்களுக்கு நடுவே, சீட்டின் முன்பலகையில் இருக்கும் அந்த லிவர் வெறும் சிக்னல் சுவிட்ச் அல்ல. மோட்டாரின் முழு மின்னோட்டமும் அதன் செம்புக் காண்டாக்டுகள் வழியாகத்தான் போகிறது. கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பாகிக் குழைந்திருந்தாலோ, காண்டாக்டில் கரும்புள்ளி குழியாக விழுந்திருந்தாலோ, லிவரைப் போடும்போது இடையில் தளர்வாக இருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். கனமான காண்டாக்ட் உள்ள சுவிட்ச் தனியாகக் கிடைக்கிறது. 400 ஆம்பியருக்கு மேல் போகிறவர்கள் இந்த லிவரையே விட்டுவிட்டு, ரிவர்சிங் கான்டாக்டர் (திசையை மாற்றும் பெரிய காந்த சுவிட்ச்) போட்டு, டேஷ்போர்டில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்துவிடுவது நல்லது. எதுவாக இருந்தாலும் வண்டி முழுதாக நின்ற பிறகே திசையை மாற்ற வேண்டும்.

கன்ட்ரோலர்

இப்போதுதான் கன்ட்ரோலருக்கு வருகிறோம். சீரீஸ் மோட்டாரின் இழுவை, மின்னோட்டத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும், மோட்டாரின் இரும்பு காந்தத்தால் நிறையும் வரை. அதனால் வண்டியோடு வந்த சுமார் 275 ஆம்பியர் கர்ட்டிஸ் கன்ட்ரோலரை எடுத்துவிட்டு 400 ஆம்பியர் போட்டால் மேட்டில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். சமதளத்து உச்ச வேகம் பெரிதாக ஏறாது. வேகத்தை நிர்ணயிப்பது வோல்ட்டேஜ். 18 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 22 அங்குலம் போட்டவர்களுக்கு 400 ஆம்பியர் உண்மையாகவே வேண்டும். அந்த ஒரு மாற்றமே மோட்டாரின் சுமையைச் சுமார் 22 சதவீதம் கூட்டிவிடுகிறது. சாதா டயரில், இரண்டு பேர் மட்டும், மேடில்லாத ஊரில் ஓட்டுகிறவர்கள் இந்தப் பணத்தைப் பேட்டரிக்கு எடுத்து வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

மாட்டுவது கடினமில்லை. பழையதிலிருந்து பி+, பி−, எம்− (மோட்டாருக்குப் போவது) கேபிள்களையும் மெல்லிய வயர்களையும் ஒவ்வொன்றாக, படத்தைப் பார்த்துப் பார்த்து மாற்றுங்கள். அடிப்பக்கம் உலோகத் தட்டில் நன்றாகப் படிய வேண்டும், வெப்பம் வெளியேறும் வழி அது. கம்ப்யூட்டரில் இணைத்து அளவுகள் வைக்கக்கூடிய கன்ட்ரோலர் என்றால் மூன்றை மட்டும் முதலில் சரிபார்த்தால் போதும்: ஆக்ஸிலரேட்டர் வகை, குறைந்த வோல்ட்டேஜில் அணையும் அளவு, பேட்டரியிலிருந்து இழுக்கும் ஆம்பியரின் உச்சவரம்பு. கிளம்பும் வேகத்தை முதல் வாரம் மெதுவாகவே வையுங்கள். பின் சீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

36-லிருந்து 48 வோல்ட்டுக்குப் போகலாமா?

போகலாம், நல்ல மாற்றம்தான். அதே வேலைக்கு மின்னோட்டம் கால் பங்கு குறையும், அதனால் கேபிளிலும் மூட்டிலும் பிறக்கும் வெப்பம் கிட்டத்தட்ட 56 சதவீதத்துக்கு வந்துவிடும். 6 வோல்ட் டி-105-உம் 8 வோல்ட் டி-875-உம் ஒரே நீள அகலம் என்பதால் அதே தட்டில் ஆறும் உட்காரும். மோட்டார் பொதுவாகத் தாங்கும். ஆனால் கன்ட்ரோலர், சாலினாய்டு, சார்ஜர், சார்ஜ் மீட்டர், விளக்குக் கன்வர்ட்டர் எல்லாமே 48-க்கு மாற வேண்டும். பழைய 36 வோல்ட் கன்ட்ரோலரில் 48-ஐக் கொடுத்தால் அது கருகிவிடும்.

வேகமும் மூன்றில் ஒரு பங்கு கூடும். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்த வண்டிகளில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும்தான், அதுவும் கேபிள் இழுக்கும் டிரம் பிரேக். வேகத்தைக் கூட்டும் முன் பிரேக் ஷூ, கேபிள், ஸ்டியரிங் மூட்டுகளைப் புதுப்பியுங்கள். அமெரிக்காவில் 1998-இல் வந்த கூட்டாட்சி விதிப்படி மணிக்கு 20 மைலைத் தாண்டி 25 வரை போகும் வண்டி குறைவேக வாகனம் என்ற தனி வகையில் வந்துவிடும். சீட் பெல்ட், ஹெட்லைட், இண்டிகேட்டர், பின்பார்வைக் கண்ணாடி, 17 இலக்க அடையாள எண் எல்லாம் கட்டாயமாகும். கன்ட்ரோலரில் 19 மைலுக்குள் நிற்கும்படி வைத்துக்கொள்வதே பெரும்பாலானவர்களுக்குப் பொருத்தம்.

லித்தியம்

டி-105 ஒன்று சுமார் 28 கிலோ, ஆறும் 168 கிலோ. 48 வோல்ட்டுக்கான லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி அதில் மூன்றில் ஒரு பங்கு எடைதான் இருக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், அமிலம் கசியாது, மேட்டில் வோல்ட்டேஜ் தளராது. வசதி இருந்தால் இதுதான் மிகச் சிறந்த மாற்றம்.

வாங்கும்போது எல்லோரும் ஆம்பியர்-அவரை மட்டும் பார்க்கிறார்கள். பிஎம்எஸ், அதாவது லித்தியம் பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று, எத்தனை ஆம்பியர் வெளியே விடும் என்பதையும் பாருங்கள். 100 ஆம்பியர் பிஎம்எஸ்ஸோடு 400 ஆம்பியர் கன்ட்ரோலரைச் சேர்த்தால், மேட்டில் பாதி ஏறியதும் பிஎம்எஸ் மொத்தமாக அணைத்துவிடும். மெதுவாகப் போகும்போது மோட்டாரில் 400 ஆம்பியர் ஓடினாலும் பேட்டரியிலிருந்து அவ்வளவு வராது. பெடல் முழுதாக அழுந்தும்போதுதான் இரண்டும் நெருங்கும். ஆகவே தொடர்ந்து 200 ஆம்பியராவது தரும் பேட்டரியாக எடுத்து, கன்ட்ரோலரின் பேட்டரி வரம்பை அதன் அளவுக்குள் வையுங்கள்.

சார்ஜரும் மாற வேண்டும். 16 செல் பேட்டரிக்கு உச்சம் 58.4 வோல்ட், 36 வோல்ட் வண்டிக்கான 12 செல் பேட்டரிக்கு 43.8. லெட்-ஆசிட் சார்ஜரை இதில் மாட்டக் கூடாது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யவும் கூடாது. பழைய முள் மீட்டர் இனி உதவாது, லித்தியத்தின் வோல்ட்டேஜ் கடைசி வரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். பேட்டரியோடு வரும் திரையையோ ஆப்பையோ பார்த்துத்தான் அளவு தெரிந்துகொள்ள வேண்டும். 48 வோல்ட் கிளப் கார் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: அதில் சார்ஜரைக் கட்டுப்படுத்த வண்டிக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டர் உண்டு, அதை பைபாஸ் செய்தாக வேண்டும்.

பியூஸ், விளக்குகள்

பழைய வண்டிகள் பலவற்றில் மெயின் பியூஸே கிடையாது. பேட்டரி பிளஸ்ஸுக்கு மிக அருகில் ஒன்று போடுங்கள். லித்தியம் என்றால் கிளாஸ்-டி (Class T) வகை. வீட்டு ஏசி லைனுக்கான பியூஸோ எம்சிபியோ இங்கே உதவாது, டிசி-யில் எழும் தீப்பொறி தானாக அணையாது. கை எட்டும் இடத்தில் ஒரு மெயின் கட்-ஆஃப் சுவிட்சும் இருக்கட்டும். கன்ட்ரோலர் கெட்டு, சாலினாய்டும் ஒட்டிக்கொண்டால், மின்சாரத்தைத் துண்டிக்க அதுதான் நம்பகமான வழி.

விளக்கு, ஹாரன், பாட்டுப் பெட்டிக்கு 12 வோல்ட் வேண்டும் என்று இரண்டு 6 வோல்ட் பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுப்பது மிகப் பரவலான பழக்கம். அந்த இரண்டும் மற்ற நான்கைவிட எப்போதும் குறைச் சார்ஜிலேயே இருந்து சீக்கிரம் செத்துப்போகும். முழு வோல்ட்டேஜையும் வாங்கி 12 தரும் டிசி-டிசி கன்வர்ட்டர் ஒன்றை, தனி பியூஸோடு போடுங்கள். எல்இடி விளக்குகளுக்கு 20 ஆம்பியர் தாராளம்.

மோட்டாரைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. பிரஷ் தேயாமல், கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும், சுழலும் செம்பு உருளை) சீரான பழுப்பு நிறத்தில் வழவழப்பாக இருந்தால், மேலே சொன்ன எல்லா மாற்றத்துக்கும் பழைய மோட்டாரே போதும்.

முதல் ஓட்டம்

எல்லாவற்றையும் மாட்டியதும், மெயின் மைனஸை இணைக்கும் முன் பி+, பி− சரியாக இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை லேசாக, மிக லேசாக மட்டும் தொடுங்கள். சக்கரம் சரியான திசையில் சுற்றினால் போதும், காலை எடுத்துவிடுங்கள். சுமை இல்லாத சீரீஸ் மோட்டாருக்கு வேக வரம்பே கிடையாது. சக்கரம் காற்றில் இருக்கும்போது பெடலை அழுத்தினால் மோட்டார் கண்டபடி ஏறி, கம்யூட்டேட்டர் சிதறிவிடும். திசை தலைகீழாக இருந்தால் எஸ்1, எஸ்2 கேபிள்களை இடம் மாற்றுங்கள்.

பிறகு கீழே இறக்கி, சமதளத்தில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்து, ஒவ்வொரு மூட்டுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். மற்றதைவிட ஒன்று சூடாக இருந்தால் அந்த லக்கை அவிழ்த்துத் திரும்பப் போடுங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் மேட்டுக்குப் போய், முதலில் எடுத்த அதே வோல்ட்டேஜ் அளவுகளை அதே இடத்தில் மறுபடியும் எடுத்துப் பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு எல்லா நட்டையும் இன்னொரு தடவை டார்க் ஸ்பானர் வைத்துப் பாருங்கள், புது லக்குகள் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும்.